எங்கள் வீட்டுப் படத்தைக் காட்டி யாரோ பணம் வாங்கியிருக்கிறார்கள்: கொடைக்கானல், ஊட்டியில் வீடு எடுத்துத் தங்கப் போகிறவர்கள் படிக்கவும்

பேரிமரத்து வீடு, கொடைக்கானல் – திங்கள் காலை 10.20

எல்லோருக்கும் வணக்கம். நாயுடுபுரம் பக்கம் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. மேல் மாடியில் நாங்கள் குடியிருக்கிறோம், கீழே இரண்டு அறைகளை வருகிறவர்களுக்கு விடுகிறோம். பன்னிரண்டு வருஷமாக இதுதான் எங்கள் பிழைப்பு.

போன சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும். பனி இறங்கி எதிர்வீட்டு விளக்குகூடத் தெரியவில்லை. கேட்டை யாரோ ஆட்டுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் ஒரு கார். கரூரிலிருந்து வந்த குடும்பம். அவர், மனைவி, இரண்டு பிள்ளைகள், எழுபது வயது தாண்டிய அவருடைய அம்மா. சின்னவன் பின் சீட்டிலேயே தூங்கிவிட்டிருந்தான். "மேடம், மூணு நாளைக்கு ரூம் புக் பண்ணியிருக்கோம்" என்றார். அன்றைக்கு எங்கள் இரண்டு அறையிலும் ஆள் இருந்தார்கள். நான் யாரிடமும் முன்பதிவு வாங்கவில்லையே என்றேன். அவர் பதில் சொல்லாமல் போனை நீட்டினார்.

படத்தைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் வீடுதான். சிவப்புச் சிமெண்டுத் திண்ணை, படிக்குப் பக்கத்தில் ஹைட்ரேஞ்சியாத் தொட்டி, மூலையில் என் பேத்தியின் மூன்று சக்கர சைக்கிள். அந்தச் சைக்கிளைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டு மூன்று வருஷம் ஆகிறது. ஆக, எப்போதோ நான் ஒரு தளத்தில் போட்ட விளம்பரத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். கடைசிப் படம் மட்டும் எங்களுடையது இல்லை. படுக்கையறை ஜன்னல் வழியே பச்சைப் பசேலென்று தேயிலைத் தோட்டம் தெரிகிறது. கொடைக்கானல் டவுனில் ஜன்னலைத் திறந்தால் யூகலிப்டஸ் தெரியும், பைன் தெரியும், இல்லையென்றால் அடுத்த வீட்டுத் தகரம் தெரியும். தேயிலைச் சரிவுக்கு எங்கே போவது?

மொத்தம் 14,000 ரூபாய் அனுப்பியிருக்கிறார். கூப்பிட்டுப் பார்த்தோம், அந்த எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சீசன் நேரம், சனிக்கிழமை, எங்கே கேட்டாலும் அறை இல்லை. எங்கள் ஹாலில் ஜமுக்காளம் விரித்து, இருந்த கம்பளியெல்லாம் எடுத்துக் கொடுத்துப் படுக்க வைத்தோம். காலையில் அந்தப் பெரியம்மா காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, "ராத்திரி உன்னையும் அவனுக்குக் கூட்டாளின்னு நெனச்சுட்டேம்மா" என்றார். அந்தச் சொல் இன்னும் மனதை அறுக்கிறது. அவர்களுக்குப் பணம் போனது. எங்களுக்கு, தெரியாத ஒருவன் எங்கள் வீட்டின் பெயரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறான்.

இங்கே மலைக்கு அடிக்கடி வருகிறவர்களும் உள்ளூர்க்காரர்களும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். தங்க வருகிறவர்கள் இதிலிருந்து எப்படித் தப்புவது, எங்களைப் போல வீடு விடுகிறவர்கள் என்ன செய்யலாம், தெரிந்ததைச் சொல்லுங்கள்.


மலைரோடு, பெருமாள்மலை – திங்கள் காலை 11.05

அக்கா, இந்த சீசனில் என் வண்டியில் ஏறியவர்களிலேயே இது மூன்றாவது கதை. ஒரு குடும்பம் அட்டுவம்பட்டியில் வீடு என்று சொல்லி இறங்கியது, அந்த முகவரியில் பூண்டு வயல்தான் இருந்தது.

டாக்ஸி ஓட்டுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பணம் அனுப்பும் முன் அவனிடம் வழி கேளுங்கள். "லொகேஷன் அனுப்புறேன்" என்றால் விடாதீர்கள், வாயால் சொல்லச் சொல்லுங்கள். வத்தலக்குண்டு வழியாக வந்தால் பெருமாள்மலை தாண்டி எங்கே திரும்ப வேண்டும், கடைசி அரை கிலோமீட்டர் ரோடு எப்படி இருக்கும், பெரிய வண்டி ஏறுமா, காரை எங்கே நிறுத்துவது, நிறுத்திய இடத்திலிருந்து எத்தனை படி இறங்க வேண்டும். இந்த மலையில் உண்மையாக வீடு வைத்திருக்கிறவர் எவரும் அந்தக் கடைசி அரை கிலோமீட்டரைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டார். "செங்குத்தா இருக்கும் சார், முதல் கியர்லயே வாங்க, மழை பெய்ஞ்சா கீழேயே நிறுத்திடுங்க" என்று நாம் கேட்கும் முன்பே ஆரம்பித்துவிடுவார். ஏனென்றால் வருகிற ஒவ்வொரு விருந்தாளியும் அங்கே சிக்கிக்கொண்டு அவருக்குத்தான் போன் போடுகிறார்கள். எங்கோ உட்கார்ந்து பேசுகிறவனுக்கு அது தெரியாது. "மெயின் ரோட்டுலயே இருக்கு சார், பார்க்கிங் ஃப்ரீ, லேக் வியூ" என்பான். வட்டக்கானலில் வீடு என்று சொல்லிவிட்டு லேக் வியூ என்று ஒருவன் சொன்னதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.


மலைக்கோட்டை, திருச்சி – திங்கள் மதியம் 1.40

நான் சொல்வதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்பணம் என்ற ஒன்றே எதற்கு? நான் இருபது வருஷமாக ஊட்டி, கொடைக்கானல் போகிறேன். ஒரு ரூபாய் முன்பணம் கொடுத்ததில்லை. நேரில் போய், அறையைப் பார்த்து, வெந்நீர்க் குழாயைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்பேன். எல்லோரும் அப்படிச் செய்தால் இந்த மோசடிக்கு இடமே இல்லை.


பேரிமரத்து வீடு, கொடைக்கானல் – திங்கள் மதியம் 2.15

ஐயா, தனியாகவோ இரண்டு பேராகவோ வந்தால் அது சரி. கைக்குழந்தையும் வயதானவர்களும் கூட இருந்தால் மே மாதத்து சனிக்கிழமை சாயங்காலம் ஏரியைச் சுற்றி வீடு தேட முடியுமா? சில்வர் கேஸ்கேட் அருவிப் பக்கமே பைக்கில் வந்து காரை மறிக்கிற ரூம் புரோக்கர் கையில் மாட்டினால் அது வேறு தலைவலி.

எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். போன ஆயுத பூஜைக்கு முன்பணம் வாங்காமல் இரண்டு அறையையும் ஒரு குடும்பத்துக்காக நிறுத்தி வைத்தேன். வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. அதற்குள் ஏழெட்டுப் பேரை இல்லை என்று அனுப்பிவிட்டேன். அந்த மூன்று நாளும் எங்களுக்கு ஒரு மாத வருமானத்துக்குச் சமம். அதனால் இப்போது ஒரு நாள் வாடகையை மட்டும் முன்பணமாக வாங்குகிறேன், மீதியை வந்த பிறகு. முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்கிற சின்ன வீட்டுக்காரர் யாரையும் எனக்குத் தெரிந்து இங்கே பார்த்ததில்லை.


மலைக்கோட்டை, திருச்சி – திங்கள் மதியம் 2.50

நியாயம்தான் அம்மா, நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. போன வருஷம் என் தங்கை குடும்பத்துக்காக ஒரு காட்டேஜ்காரரிடம், "வீடியோ காலில் வீட்டைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்று கேட்டேன். "நம்பிக்கை இல்லேன்னா வராதீங்க" என்று வைத்துவிட்டார். பிறகு தெரிந்தவர் மூலம் விசாரித்தால் அவர் நிஜமான ஓனர்தான். உண்மையானவர்களே இப்படிக் கோபப்பட்டால், பொய்க்காரன் தேனொழுகப் பேசும்போது ஜனங்கள் எங்கே போவார்கள்?


பேரிமரத்து வீடு, கொடைக்கானல் – திங்கள் மதியம் 3.05

இது எங்களுக்கு வேண்டிய சொல். ஒப்புக்கொள்கிறேன். நானும் முன்பு அப்படி ஓரிருவரிடம் முகம் சுளித்திருக்கிறேன். இனி யார் கேட்டாலும் கேட்டிலிருந்து அறை வரைக்கும் போனைத் தூக்கிக்கொண்டு நடந்து காட்டுவதாக முடிவு செய்துவிட்டேன். வீட்டு வரி ரசீதில் பெயர் தெரிகிற பகுதியைக் காட்டச் சொன்னாலும் காட்டுவேன்.


மூஞ்சிக்கல், கொடைக்கானல் – திங்கள் மாலை 4.30

வீடியோ கால் நல்ல யோசனைதான். ஆனால் பூம்பாறை, வட்டக்கானல், கூக்கால் பக்கமெல்லாம் உண்மையிலேயே சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். மோசடிக்காரனுக்கும் இது தெரியும், "சிக்னல் இல்ல சார்" என்று அதையே சாக்காகச் சொல்கிறான். அப்படிச் சொன்னால் ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அதில் இன்றைய செய்தித்தாளோ, ஒரு துண்டுத் தாளில் உங்கள் பெயரோ வாசலில் தெரிய வேண்டும். நிஜமான வீட்டுக்காரர் டவுனுக்கு காய் வாங்க வரும்போது அனுப்பிவிடுவார்.

லேண்ட்லைன் இருக்கிறதா என்றும் கேட்கலாம். கொடைக்கானலுக்கு 04542, ஊட்டிக்கும் குன்னூருக்கும் 0423, கோத்தகிரிக்கு 04266. எல்லா வீட்டிலும் இப்போது லேண்ட்லைன் கிடையாது, அதனால் இல்லையென்றால் சந்தேகப்பட வேண்டாம். இருந்து, அதில் கூப்பிட்டு, அதே ஆள் எடுத்தால் மனதுக்குப் பெரிய நிம்மதி.


அமராவதிக்கரை, கரூர் – திங்கள் இரவு 8.45

அந்தக் கார்க்காரன் நான்தான். அக்காதான் இந்த இழையை அனுப்பி, முடிந்தால் எழுதச் சொன்னார். அன்று ராத்திரி அவர்கள் கதவைத் திறக்காமல் இருந்திருந்தால் அம்மாவை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எப்படி ஏமாந்தேன் என்பதை அப்படியே சொல்கிறேன். ஒரு சமூக வலைத்தளப் பக்கத்தில் விளம்பரம் பார்த்தேன். மற்ற இடத்தில் ஒரு அறைக்கு 5,000 சொல்கிற நேரத்தில் இங்கே 3,000. அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும், செய்யவில்லை. வாட்ஸ்அப்பில் பேசினான். நல்ல தமிழ், நிதானமான குரல். "குழந்தைங்க இருக்காங்களா சார், அப்போ ஹீட்டர் போட்டுத் தரச் சொல்றேன்" என்றான். அந்த அக்கறைதான் என்னைக் கவிழ்த்தது.

திங்கட்கிழமை 5,000 அனுப்பினேன். அனுப்பும்போது திரையில் வேறு யாருடைய பெயரோ வந்தது. கேட்டேன். "எங்க அக்கவுண்டன்ட் பேரு சார்" என்றான். செவ்வாய்க்கிழமை, சீசன் கூட்டம், முழுசாகக் கட்டியவர்களுக்குத்தான் அறை உறுதி என்று மீதி 4,000 கேட்டான். அனுப்பினேன். உடனே பில் மாதிரி ஒரு வவுச்சர் வந்தது, லோகோ, முத்திரை, ஜிஎஸ்டி எண் எல்லாம் போட்டு. அதைப் பார்த்து முழுசாக நம்பிவிட்டேன். வியாழக்கிழமை, "காஷன் டெபாசிட் 5,000, செக் அவுட் பண்ணும்போது அப்படியே திரும்ப வந்துரும்" என்றான். ஏற்கெனவே 9,000 போட்டாயிற்று, இதற்காக அது போய்விடக் கூடாதே என்ற பயத்தில் அதையும் அனுப்பினேன். மூன்றாவது தடவை கை தயங்கியது. ஆனால் பிள்ளைகள் பையெல்லாம் கட்டி வைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுத்திருக்கிறேன்.


வங்கிக் கவுண்டர், திண்டுக்கல் – திங்கள் இரவு 9.30

சார், எழுதியதற்கு நன்றி. இப்படி விவரமாகச் சொன்னால்தான் மற்றவர்களுக்குப் பிடிபடும். வங்கியில் வேலை பார்க்கிறவன் என்பதால் சில விஷயங்கள் சொல்கிறேன்.

பணம் போன உடனே, அதாவது அந்த நிமிஷமே, 1930க்குக் கூப்பிட வேண்டும். நாடு முழுவதற்கும் ஒரே எண். அவர்கள் பதிவு செய்ததும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகும். கணக்கில் மிச்சம் இருக்கிற தொகையை அந்த வங்கி நிறுத்தி வைக்கும். எல்லாமே "மிச்சம் இருக்கிற" என்ற வார்த்தையில்தான் இருக்கிறது. இந்தக் கும்பல்கள் அடுத்தவர் பெயரில் திறந்த கணக்குகளை வாடகைக்கு எடுத்து வைத்திருப்பார்கள். பணம் விழுந்ததும் இரண்டு மூன்று கணக்குக்கு உடைத்து அனுப்பி, ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் சொன்னால் பிடிக்க வாய்ப்பு இருக்கிறது. வாரம் கழித்துச் சொன்னால் குறைவுதான், ஆனாலும் சொல்லாமல் இருக்கக் கூடாது. ஒரே கணக்கின் மேல் பல புகார்கள் சேர்ந்தால்தான் அதை முடக்க முடியும்.

கூப்பிடும்போது கையில் இருக்க வேண்டியது: யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், தேதி, நேரம், தொகை, பணம் வாங்கியவனின் யுபிஐ ஐடி. வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள், கோபத்தில் அவனை பிளாக்கும் செய்யாதீர்கள், எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். போனில் சொல்வதோடு நிற்காமல் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகாரை முழுசாகப் பதிய வேண்டும். பிறகு உங்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம். கொடைக்கானலுக்கு வந்து புகார் கொடுக்க வேண்டியதில்லை, கரூரிலேயே கொடுக்கலாம்.

அப்புறம் அந்தப் பெயர். பணம் அனுப்பும் முன் திரையில் வருவது வங்கியில் பதிவான பெயர். அதை அவனால் மாற்ற முடியாது. வவுச்சரில் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அந்த ஒரு வரியை அச்சடிக்க முடியாது. விடுதியின் பெயரோ வீட்டுக்காரர் பெயரோ வரவில்லையென்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அக்கவுண்டன்ட், மச்சான், மேனேஜர் என்று என்ன காரணம் சொன்னாலும் சரி. "பணம் திருப்பி அனுப்புறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்று இனி யாராவது கூப்பிடலாம், அதிலும் விழுந்துவிடாதீர்கள். நமக்குப் பணம் வர ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம்.

அந்த வவுச்சரில் இருந்த ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மட்டும் என்னவென்று சொல்ல முடியுமா? வரி எவ்வளவு போட்டிருக்கிறான்?


அமராவதிக்கரை, கரூர் – திங்கள் இரவு 9.50

07 என்று ஆரம்பிக்கிறது சார். வாடகையில் 18 சதவீத வரி அடக்கம் என்று போட்டிருக்கிறது.


வங்கிக் கவுண்டர், திண்டுக்கல் – திங்கள் இரவு 10.05

07 டெல்லி. தமிழ்நாட்டில் பதிவு செய்திருந்தால் 33 என்றுதான் ஆரம்பிக்கும். மொத்தம் 15 இடம். அந்த எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் யார் பெயரில், எந்த முகவரியில் பதிவு என்று இலவசமாகவே காட்டும். இன்னொன்று, ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரைக்கும் வாடகை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம்தான், அதற்கு முன் 12. அதற்கு மேல் வாடகை இருந்தால்தான் 18. 3,000 ரூபாய் அறைக்கு 18 போட்டவன் ஹோட்டல் தொழிலே தெரியாதவன்.

ஒரு எச்சரிக்கை. வருஷ வரவு 20 லட்சத்துக்குள் இருக்கிற சின்ன வீட்டுக்காரர்களுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை. அதனால் எண் இல்லாததால் ஒருவரைக் குற்றம் சொல்ல முடியாது. பொய் எண் போட்டவனைத்தான் சந்தேகப்பட வேண்டும்.


கேத்தி, நீலகிரி – செவ்வாய் காலை 7.15

எங்கள் பக்கம் நடப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபிங்கர்போஸ்ட் பக்கம் என் சித்தப்பா மகன் சின்ன லாட்ஜ் நடத்துகிறான். ஒரு மாதம் போன் வரத்தே குறைந்துவிட்டது. சீசன் மந்தம் என்றுதான் நினைத்தான். பழைய வாடிக்கையாளர் ஒருவர் நேரில் வந்து, "அட்வான்ஸ் போட்டேனே" என்று கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஆன்லைன் மேப்பில் லாட்ஜ் பெயர் சரி, இடம் சரி, வாசல் படம் சரி. போன் எண் மட்டும் வேறு. யாரோ திருத்தம் போட்டு மாற்றியிருக்கிறார்கள். விடுதியும் நிஜம், அங்கே தங்கியவர்கள் எழுதிய பாராட்டும் நிஜம், எண் மட்டும் திருடனுடையது. எவ்வளவு கவனமானவரும் இதில் ஏமாந்துபோவார்.

அதனால் மேப்பில் கிடைத்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். விடுதியின் சொந்தத் தளம், பழைய பில், வேறொரு புக்கிங் தளம், இப்படி இரண்டு இடத்தில் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். வீடு விடுகிறவர்கள் வாரம் ஒரு தடவை வேறொருவர் போனிலிருந்து தங்கள் இடத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். என் தம்பி இப்போது ஞாயிறுதோறும் பார்க்கிறான்.

மலைக்கு வண்டியில் வர எடுக்க வேண்டிய இ-பாஸ் பெயரிலும் பணம் பிடுங்குகிறார்கள். 2024 மே 7ஆம் தேதியிலிருந்து சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது எல்லோருக்கும் தெரியும். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை எண்ணிக்கையும் கட்டினார்கள். நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அந்த நேரத்தில் என் நண்பரிடம் ஒருவன், "பாஸ் முடிஞ்சுபோச்சு, எங்க ரூம் எடுத்தா பாஸோட சேர்த்துத் தர்றோம்" என்று 1,500 கேட்டிருக்கிறான். இ-பாஸுக்குக் கட்டணமே கிடையாது. அரசு தளத்தில் நாமே எடுக்க வேண்டியது. பாஸுக்கு எவன் பணம் கேட்டாலும் அவன் அறையும் பொய்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

மசினகுடிப் பக்கம் தனிக் கவனம் வேண்டும். யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளுக்கு உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2018 ஆகஸ்டில் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் வழித்தடத்தையும் உறுதி செய்து தீர்ப்பு வந்தது. அந்த விடுதிகளின் அழகான பழைய படங்கள் இணையத்தில் இன்னும் சுற்றுகின்றன. "மான் வாசலுக்கே வரும்" என்று எவனாவது படம் அனுப்பினால், அந்த இடம் இன்றைக்குத் திறந்திருக்கிறதா, அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.


சிறுமலை, மதுரை – செவ்வாய் காலை 9.40

இவ்வளவு பாடு எதற்கு? பெரிய ஆப் ஒன்றில் புக் செய்து, கார்டில் பணம் கட்டினால் போயிற்று. இல்லையென்றால் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு ஊட்டியிலும் இருக்கிறது, கொடைக்கானலிலும் இருக்கிறது, அவர்கள் தளத்திலேயே பதிவு செய்யலாம். நாங்கள் அப்படித்தான் போகிறோம்.


பேரிமரத்து வீடு, கொடைக்கானல் – செவ்வாய் காலை 10.30

பாதுகாப்பு வேண்டும் என்றால் நீங்கள் சொல்வது நல்ல வழிதான். இதில் எங்கள் மீதும் ஒரு தப்பு இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆப்பில் எங்களைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறவர்களிடம், "நேரடியா அனுப்பிடுங்க, கமிஷன் மிச்சம், 500 குறைச்சுக்கறேன்" என்று நாங்கள் பலரும் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். கமிஷன் எங்களைக் கடிக்கிறது, அது உண்மை. ஆனால் ஆப்புக்கு வெளியே பணம் போனால் அந்த நிறுவனம் எதற்கும் பொறுப்பேற்காது. "வெளியே அனுப்புங்கள்" என்று கேட்பதை நாங்களே பழக்கமாக்கிவிட்டதால்தான், பொய்க்காரன் அதே வார்த்தையைச் சொல்லும்போது யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. நேற்று ராத்திரி முழுக்க இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இனி ஆப்பில் வந்தவரை ஆப்பிலேயே முடிக்கச் சொல்லப் போகிறேன்.


கேத்தி, நீலகிரி – செவ்வாய் காலை 11.00

ஆப்பில் செய்தாலும் ஒரு விஷயம். புக் செய்த பிறகு, "உங்கள் கார்டு சரிபார்க்கப்படவில்லை, 12 மணி நேரத்துக்குள் இந்த லிங்க்கில் போடவும், இல்லையென்றால் முன்பதிவு ரத்தாகும்" என்று செய்தி வந்தால் தொடாதீர்கள். விடுதிக்காரரின் கணக்கையே திருடி அதற்குள்ளிருந்து இப்படி அனுப்புகிறார்கள். நம் பெயர், தேதி எல்லாம் சரியாக இருக்கும். ஆப்பை மூடிவிட்டு மறுபடி திறந்து முன்பதிவு பக்கத்தில் பாருங்கள், இல்லையென்றால் விடுதிக்கே போன் போடுங்கள். வாட்ஸ்அப்பில் "ரூம் வவுச்சர்" என்று ஏபிகே கோப்பு, அதாவது போனில் ஆப்பை நிறுவுகிற கோப்பு, வந்தாலும் திறக்கக் கூடாது. வவுச்சர் பிடிஎஃப் ஆகவோ படமாகவோ வரும், அதை நிறுவச் சொல்ல வேண்டிய வேலையே இல்லை.


மூஞ்சிக்கல், கொடைக்கானல் – செவ்வாய் காலை 11.20

படத்தைப் பற்றி: வந்த படத்தை அப்படியே கூகுள் லென்ஸில் போடுங்கள். அதே திண்ணை வேறு ஊரில், வேறு பெயரில் வந்தால் தெரிந்துவிடும். ஒரே படத்தோடு நிற்க வேண்டாம், எல்லாப் படத்தையும் போடுங்கள். அக்கா சொன்ன தேயிலை ஜன்னல் மாதிரி, ஐந்தில் ஒன்று ஒட்டாமல் இருக்கும்.


நெறியாளர் – செவ்வாய் மதியம் 12.10

மோசடி எண்கள் என்று யாரும் இங்கே போன் எண்களைப் போட வேண்டாம். ஒரு இலக்கம் மாறினாலும் சம்பந்தமில்லாத ஒருவருக்குத் தொல்லை. 1930இலும் அரசுத் தளத்திலும் கொடுங்கள்.


நெல்லைச்சீமை, திருநெல்வேலி – செவ்வாய் மாலை 5.35

சரியான நேரத்தில் கண்ணில் பட்டது. அடுத்த வாரம் நாங்கள் ஒன்பது பேர் போகிறோம், என் அத்தையும் மாமாவும் கூட. மன்னவனூர் பக்கம் ஒரு மரவீடு பேசி வைத்திருக்கிறேன். நாளைக்குள் 8,000 அனுப்பச் சொல்கிறார். நீங்கள் சொன்ன மாதிரி வழி கேட்டேன். "ஆட்டுப் பண்ணை தாண்டி நேரா வாங்க" என்பதற்கு மேல் சொல்லவில்லை. வீடியோ கேட்டால் சிக்னல் இல்லை என்கிறார். யுபிஐயில் வேறு பெயர் வருகிறது, "மனைவி பெயர்" என்கிறார். படத்தை லென்ஸில் போட்டால் மன்னவனூர் என்றுதான் வருகிறது, அதனால் குழப்பமாக இருக்கிறது. மலைரோடு அண்ணா, உங்களுக்கு அந்தப் பக்கம் தெரியுமா?


மலைரோடு, பெருமாள்மலை – செவ்வாய் மாலை 6.10

தம்பி, பணம் அனுப்பாமல் நிறுத்தி வை. நாளை மறுநாள் மன்னவனூருக்கு ஒரு சவாரி இருக்கிறது, டவுனிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். எப்படியும் அந்த வழியாகத்தான் போவேன். படத்தையும் அவன் சொன்ன இடத்தையும் எனக்குத் தனிச் செய்தியில் அனுப்பு. அவன் அவசரப்படுத்தினால், "மாமாவைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லி வை.


அமராவதிக்கரை, கரூர் – புதன் இரவு 9.00

ஒரு தகவல். மூன்றாவதாக அனுப்பிய 5,000இல் 3,200 ரூபாயை அந்த வங்கி நிறுத்தி வைத்திருக்கிறது என்று செய்தி வந்திருக்கிறது. முதல் இரண்டும் போனது போனதுதான் போலிருக்கிறது. அதையும் கைக்கு வாங்க இன்னும் நடைமுறைகள் இருக்கின்றன என்றார்கள். அலையத்தான் வேண்டும், அலைகிறேன். அந்தக் கணக்கின் மேல் வேறு ஊர்களிலிருந்தும் புகார் வந்திருக்கிறதாம்.

வங்கி சார், உங்கள் பட்டியல்படி எல்லாம் எடுத்துக்கொண்டு போனதால் சைபர் கிரைம் நிலையத்தில் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அம்மா அக்காவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.


பேரிமரத்து வீடு, கொடைக்கானல் – புதன் இரவு 9.25

3,200ஆவது நின்றதே. அம்மாவிடம் பேரிக்காய் பழுத்ததும் கண்டிப்பாக அனுப்பி வைப்பேன் என்று சொல்லுங்கள் தம்பி. நானும் புகார் கொடுத்துவிட்டேன், என் படங்களைத் தவறாகப் பயன்படுத்தியதாக. அந்த வலைத்தளப் பக்கத்தையும் நானும் என் மருமகனும் பக்கத்து வீட்டாரும் சேர்ந்து ரிப்போர்ட் செய்தோம். இன்று காலையிலிருந்து பக்கம் வரவில்லை. வேறு பெயரில் வருவான், தெரியும். புதுப் படங்கள் எடுத்து, ஒவ்வொன்றின் குறுக்கேயும் எங்கள் வீட்டுப் பெயரை எழுதிப் போட்டிருக்கிறேன்.


மலைரோடு, பெருமாள்மலை – வியாழன் மாலை 4.50

நெல்லைத் தம்பிக்கு. போய்ப் பார்த்தேன். ஆட்டுப் பண்ணை தாண்டி இடது பக்கம் மண் ரோட்டில் இறங்கினால் அந்த மரவீடு இருக்கிறது. படத்தில் இருக்கிற அதே வீடுதான், அதனால்தான் உன் லென்ஸிலும் சரியாக வந்திருக்கிறது. ஆனால் கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறது, பூட்டின் மேல் அரக்கு முத்திரை. நோட்டீஸ் மழையில் நனைந்து பாதி கிழிந்து தொங்குகிறது. வாசற்படி வரை புல் முளைத்துவிட்டது. எதிரே கேரட் கழுவிக்கொண்டிருந்த பெரியவரைக் கேட்டேன். ஒரு வருஷத்துக்கு மேலாக யாரும் வரவில்லை, ஆனால் இந்த மாதம் மட்டும் இரண்டு கார் வந்து கேட் முன்னால் நின்றுவிட்டுத் திரும்பிப் போயிற்று என்றார். கேட்டைப் படம் எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறேன்.


நெல்லைச்சீமை, திருநெல்வேலி – வியாழன் மாலை 5.20

படம் வந்தது அண்ணா. அத்தையிடமும் காட்டினேன். பணம் அனுப்பவில்லை. இன்று மதியம்கூட, "கடைசி வாய்ப்பு, வேற பார்ட்டி கேக்கறாங்க" என்று இரண்டு தடவை கூப்பிட்டான். எண்ணையும் பேச்சையும் எடுத்து வைத்து, அரசுத் தளத்தில் புகாராகப் பதிந்துவிட்டேன்.

பேரிமரத்து அக்கா, அடுத்த வாரம் செவ்வாய், புதன் உங்களிடம் இரண்டு அறையும் காலியாக இருக்குமா? அத்தைக்கு முழங்கால் வலி, எத்தனை படி இறங்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.


பேரிமரத்து வீடு, கொடைக்கானல் – வியாழன் மாலை 5.40

இருக்கிறது தம்பி. கேட்டிலிருந்து பதினோரு படி, கைப்பிடி உண்டு. ஏழாவது படி கொஞ்சம் உயரம், அங்கே யாராவது கைகொடுக்க வேண்டும். ஆறு மணிக்கு வெளிச்சம் போவதற்குள் வீடியோவில் கூப்பிடு, கேட்டிலிருந்து காட்டுகிறேன்.